கிழிப்பதற்கென்று ஒரு போர்வை

1. நாற்பத்தெட்டு முக்கோணங்கள்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் குவில்ட் தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நாற்பத்தெட்டு முக்கோணங்கள் வெட்டினேன். நாற்பத்தெட்டும் வீணாகப் போயின. அன்று எனக்கு வயது ஐம்பத்தாறு.

அதற்கு முன் இருபத்தாறு வருஷம் பல்லாவரம் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தேன். கைப்பை ஒன்றைத் தைப்பதற்கு முன்பே அதன் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன வடிவம், என்ன அளவு, தையலுக்கு எவ்வளவு மார்ஜின் என்று யோசித்து, அட்டையில் வரைந்து வெட்டித் தருகிறவர்தான் பேட்டர்ன் மாஸ்டர். அந்த அட்டையை வைத்துத்தான் மற்றவர்கள் தோலை வெட்டுவார்கள். அட்டை தப்பென்றால் ஐந்நூறு பையும் தப்பு. அதனால் பேட்டர்ன் மாஸ்டர்கள் அதிகம் சிரிப்பதில்லை. கம்பெனியை மூடிய அன்று என் கத்தியையும் ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சேலையூர் யூனிட்டை நடத்தியவர் ஸ்டெல்லா மேடம். பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஆறு மெஷின் போட்டிருந்தார். மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு அடுக்கு, நடுவில் பஞ்சு ஷீட், கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட்.

“தாம்பரம் வெயில்ல இதை யார் மேடம் போத்திக்குவாங்க?” என்று கேட்டேன்.

“ஏசி வெச்சிருக்கறவங்க” என்றார். “ஆனா மாஸ்டர், எல்லாரும் இன்டர்நெட்ல இருந்து எடுத்த டிசைனையே தைக்கிறாங்க. நமக்குன்னு சொந்தமா பேட்டர்ன் வேணும். நீங்க வரைஞ்சு குடுங்க.”

நட்சத்திரம் ஒன்றை வரைந்தேன். அட்டை வெட்டினேன். துணியில் வைத்து முக்கோணங்கள் வெட்டி மல்லிகாவிடம் கொடுத்தேன். மல்லிகா அங்கே மூத்த மெஷின் ஆபரேட்டர், பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவர். அரை மணியில் முதல் நட்சத்திரக் கட்டத்தைத் தைத்து முடித்து, என் மேஜை மேல் வைத்தார். அது மேஜையில் படியவில்லை. ஓரமெல்லாம் எழும்பி நின்றது.

“இன்னா மாஸ்டர் இது, பொரிச்ச அப்பளம் மாதிரி கீது?”

என் கணக்கில் தப்பில்லை, அளந்து காட்டினேன். தோலில் எங்களுக்கு ஒரு பழக்கம். ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது என்பதற்காக அட்டையை எப்படித் திருப்பினால் இடம் மிச்சமாகுமோ அப்படி வைப்போம். துணியிலும் அப்படியே வைத்திருந்தேன்.

“துணிக்கு நேரு, கிராஸுன்னு கீது மாஸ்டர். கிராஸ்ல வெட்னா இழுத்துக்கும். ஜாக்கெட் தெக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாது.”

“அதான் தெரியுதே” என்று சொல்லிவிட்டு அவர் தன் மெஷினுக்குப் போனார்.

அன்றிலிருந்து நான் வெட்டும் ஒவ்வொரு அட்டையிலும் ஒரு அம்புக்குறி உண்டு. இழை போகும் பக்கத்தைக் காட்டும் குறி. சொந்தமாக பேட்டர்ன் போட விரும்பும் இளைஞர்கள் முதலில் அந்த அம்பைப் போடவும். மற்றதெல்லாம் பிறகு.

2. கேட்

சொந்தமாக வரை என்று மேடம் சொல்லிவிட்டார். எங்கிருந்து வரைவது? மயில் வரையச் சொன்னார். நான் வரைந்த மயிலைப் பார்த்து மேடம் வான்கோழி நன்றாக வந்திருக்கிறது என்றார். எனக்கு நேர்க்கோடுதான் வரும்.

காலையில் நடக்கப் போகும்போது வீட்டு கேட்டுகளைக் கவனித்தேன். சேலையூர் தெருக்களில் ஒவ்வொரு கேட்டும் ஒரு தினுசு. டைமண்ட், கட்டம், கட்டத்துக்குள் கட்டம், சூரியன் உதிப்பது போல விசிறி. எல்லாம் யாரோ ஒரு வெல்டர் வளைத்தவை. ஒரு கேட் மிகவும் பிடித்திருந்தது. டேப்பை எடுத்து அளந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“யாருங்க, கரண்ட் ஆபீஸா?”

“இல்லீங்க.”

“பின்ன எதுக்கு கேட்டை அளக்கறீங்க?”

“போர்வைக்கு.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், பூட்டு கொண்டுவந்து கேட்டைப் பூட்டினார்.

அந்த கேட்தான் எங்கள் முதல் சொந்த பேட்டர்ன். நன்றாகவே ஓடியது. ஆறு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பேட்டர்ன் சேர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்ததை அட்டையில் கொண்டுவர எனக்குத் தெரியும் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். அந்த நேரத்தில்தான் கோமதி வந்தார்.

3. போர்த்திக்கொள்ள இல்லை

கோமதிக்கு நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. மதிய இடைவேளையில் அவசரமாகப் படியேறி வந்தார்.

“ஒரு போர்வை வேணும் சார், எங்க அப்பாவுக்கு. போத்திக்க இல்ல.”

“வேற எதுக்கும்மா?”

“கைக்கு வேலை குடுக்க.”

அவருடைய அப்பா ராஜமாணிக்கம், சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக ஞாபகம் குறைந்துகொண்டே வந்தது. இப்போது மகளையே சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. உடம்பில் தெம்பு இருக்கிறது. கை மட்டும் சும்மா இருப்பதில்லை.

“எல்லாத்தையும் கிழிக்கிறாரு சார். காலண்டர் போச்சு. கொசுவலை போச்சு. என் பொண்ணோட ரெக்கார்ட் நோட்டு போச்சு. அதெல்லாம் போனாப் போகுது. போன மாசம் பாத்ரூம்ல விழுந்து முழங்கைல காயம். கட்டுப் போட்டா அதையும் கிழிச்சிடறாரு. சுகர் வேற. புண்ணு ஆறவே மாட்டேங்குது.”

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்திருந்தார்கள். ஒரு நாள் கோமதி சீக்கிரம் வீட்டுக்குப் போனபோது அப்பாவின் இரண்டு கையும் வேட்டிக் கிழிசலால் கட்டில் காலோடு கட்டியிருந்ததாம். ‘புண்ணைக் கிளறாம இருக்கட்டும்னுதான்மா’ என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கோமதியின் அண்ணன் சேகர் அப்பாவைச் சேர்க்க ஒரு ஹோம் பார்த்து வைத்திருந்தார்.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன் சார்” என்று சொல்லி, போனில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டில் ஞாபகம் குறைந்தவர்களுக்காகச் செய்கிற மடிப்போர்வை, மடியில் மட்டும் விரித்துக்கொள்வது. ஜிப், பெரிய பட்டன், மணி, லேஸ் எல்லாம் தைத்திருந்தது. கை அதைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருக்குமாம்.

படத்தில் இருந்ததை அப்படியே போட்டேன். மல்லிகா அருமையாகத் தைத்தார். சனிக்கிழமை நானே கொண்டு போனேன்.

ராஜமாணிக்கம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், ஷேவ் செய்த முகம். போர்வையை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். ஜிப்பை ஒரு தடவை இழுத்து, மூடினார். நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதும் முழங்கைக் கட்டைக் கிழிக்க ஆரம்பித்தார்.

4. டாக் ஹூக்

அடுத்ததை நானே யோசித்தேன். அதுதான் வினை.

கண்டக்டர் என்றதும் எனக்குத் தோல் பை ஞாபகம் வந்தது. பை என் தொழில். காக்கித் துணியில் மடிப்போர்வை, அதன் நடுவே சின்னதாகத் தோல் பை, பைக்கு மூடி, பக்கத்தில் கயிற்றில் கட்டித் தைத்த விசில். பையில் பட்டை இல்லாவிட்டால் பை மாதிரி இருக்காது என்று தோளில் மாட்டுகிற நீளமான பட்டையும் வைத்தேன். துவைக்கும்போது கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று பட்டையின் இரு முனையிலும் டாக் ஹூக் போட்டேன். நாய்ச் சங்கிலியில் இருக்குமே, அந்தக் கொக்கி. மேடம் போட்டோ எடுத்தார். இருபத்தாறு வருஷ அனுபவமும் அதில் இருக்கிறது என்று நான் சொன்னதாக ஞாபகம்.

ராஜமாணிக்கம் அந்தப் பையைத் தடவினார். மூடியைத் திறந்து மூக்கை வைத்து முகர்ந்தார். அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு “தேங்க்ஸ் சார்” என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு கோமதியிடமிருந்து போன். அந்த அம்மா மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது நாற்காலி காலி. போர்வையும் இல்லை.

ஆறு மெஷினையும் நிறுத்தினோம். மேடம் ஸ்கூட்டரில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மல்லிகா கேம்ப் ரோடு கடைகளில் கேட்டுக்கொண்டே போனார். நான் செம்பாக்கம் பக்கம் நடந்தேன். வழியில் யாரிடமும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. “போர்வையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு பெரியவர் போனாரா?” என்று கேட்டேன். ஒரு இளநீர்க்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூட்டி வந்தவர் ஒரு இளம் கண்டக்டர். கழுத்தில் டிக்கெட் மெஷின் தொங்கியது.

“சீனியர் சார் இவரு” என்றார் அவர். “கேம்ப் ரோட்ல பின் படியில ஏறிக்கினாரு. நான் முன்னால நின்னுகினு இருக்கேன். ஸ்டாப்ல ஜனம் ஏறிகினு இருக்கும்போதே இவரு விசில் குடுக்கறாரு, டிரைவர் வண்டிய எடுத்துட்டாரு. மேடவாக்கம் போனப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது, ரெண்டு பேரு டூட்டில கீறோம்னு.”

ராஜமாணிக்கத்தின் சட்டைப் பையில் கோமதி வீட்டு விலாசம் எழுதி வைத்திருந்தார். அந்தப் பிள்ளை தன் சீட்டில் அவரை உட்கார வைத்து, திரும்பி வரும் டிரிப்பில் அழைத்து வந்திருந்தது. முழங்கைக் கட்டு எங்கோ விழுந்துவிட்டது. காக்கித் துணியில் ரத்தம்.

கோமதி காயத்தைக் கழுவி முடிக்கும் வரை நான் வாசலில் நின்றேன். வெளியே வந்தவர் போர்வையை என்னிடம் கொடுத்தார்.

“போர்வைதான சார் கேட்டேன்? யூனிஃபார்ம் யார் கேட்டா?”

தோல் கம்பெனியில் நான் அட்டையில் தப்புப் பண்ணினால் பை குப்பைக்குப் போகும். வேளச்சேரி ரோட்டைத் தனியாகக் கடக்காது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் என் மனைவி வயிற்றுக்கு இஞ்சிக் கஷாயம் கொடுத்தார். காரணத்தை நான் சொல்லவில்லை, கஷாயத்தைக் குடித்தேன்.

5. ஒரு மணி நேரம்

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். கோமதி கதவைப் பாதி திறந்து நின்றார்.

“எதுவும் கொண்டு வரலம்மா” என்று இரண்டு கையையும் காட்டினேன். “ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டுப் போயிடறேன்.”

அவர் கதவை விட்டு விலகி நாற்காலியைக் காட்டினார்.

ராஜமாணிக்கம் மடியில் அன்றைய பேப்பர். அதை நீளவாக்கில் மடித்து, இடது கை விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டார். வலது கைக் கட்டை விரலால் அழுத்தி, கீழ்நோக்கி ஒரு இழுப்பு. சர்ர் என்று ஒரு துண்டு வந்தது. கீழே விழுந்த துண்டுகளை எடுத்து என் டேப்பால் அளந்தேன். முதல் துண்டு அகலம் ஒன்றரை அங்குலம். அடுத்ததும் ஒன்றரை. அதற்கடுத்தது ஒரே ஒரு நூல் அளவு அதிகம். கிழிக்கிறார் கிழிக்கிறார் என்று வீட்டில் புலம்பினார்களே, இந்த ஆள் ஸ்கேல் இல்லாமல் ஒரே அளவில் வெட்டிக்கொண்டிருந்தார்.

கிழித்ததும் அதைப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டினார்.

“எங்க?” என்றார்.

“குப்பை போடாதீங்க ஐயா” என்று அந்த அம்மா துண்டைப் பிடுங்கிக் கூடையில் போட்டார்.

இன்னொன்று கிழித்தார். கோமதியிடம் நீட்டினார். “எங்க?”

“எங்கயும் போக வேணாம்பா. வீட்லயே இருங்க.”

அவர் கையை மடக்கிக்கொண்டு குனிந்தார். மறுபடி கிழித்தார். மறுபடி நீட்டினார். இப்படி நாலு முறை நடந்தது. ஐந்தாம் முறை யாரும் வாங்காதபோது விரல் முழங்கைக் கட்டுக்குப் போனது.

“நாள் பூரா இதேதான் சார்” என்றார் கோமதி. “எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. எங்கயோ போகணும்னு இருக்கு அவருக்கு. எங்கன்னுதான் சொல்லத் தெரியல.”

நான் என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என்னைப் பார்த்தார். முழங்கைக் கட்டிலிருந்து விரலை எடுத்து, பேப்பரைப் பிடித்தார்.

“எங்க?”

“சானடோரியம் ஒண்ணு” என்றேன், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி.

சர்ர் என்று கிழித்து என் உள்ளங்கையில் வைத்தார். அடுத்த கணமே என்னை விட்டுவிட்டு கோமதி பக்கம் திரும்பினார்.

“எங்க?”

கோமதி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“கேம்ப் ரோடு” என்றார் கோமதி.

அவருக்கும் ஒன்று கிழித்துக் கொடுத்தார். அந்த அம்மாவும் தயங்கித் தயங்கி “குரோம்பேட்டை” என்றார். அவருக்கும் ஒன்று. பிறகு ராஜமாணிக்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். டிக்கெட் வாங்காதவர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் மீதிப் பேப்பரை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

கடிகாரம் பார்த்தேன். எட்டு நிமிஷம் அந்தக் கை அசையவில்லை.

கோமதி சமையலறைக்குப் போனார். வெகு நேரம் அங்கே குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடுகிற சத்தம் கேட்டது.

6. சத்தமும் வேண்டும்

பேப்பரையே கொடுத்தால் போதாதா என்று மேடம் கேட்டார். போதாது. பேப்பர் தீர்ந்ததும் கட்டுக்குப் போய்விடுவார். தீராத டிக்கெட் வேண்டும். கிழிபட வேண்டும், கிழிந்தது மறுபடி ஒட்ட வேண்டும், கிழியும்போது சர்ர் என்று சத்தமும் வர வேண்டும்.

“வெல்க்ரோ” என்றார் மல்லிகா, தலை நிமிராமலே.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வெல்க்ரோவில் ஒரு பட்டை மெத்தென்று இருக்கும், இன்னொன்று சொரசொரவென்று இருக்கும். சொரசொரப்பைப் போர்வையில் தைத்தேன். டிக்கெட் எடுத்த இடம் முள் மாதிரி மேலே தெரிந்தது. புண் உள்ள கை அதன் மேல் உரசும். மாற்றி, சொரசொரப்பை டிக்கெட்டின் பின்னாலும், மெத்தென்றதைப் போர்வையிலும் டிக்கெட்டின் முன்னாலும் வைத்தேன். முழு அகலத்துக்கும் வைத்தால் பிய்ப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. பாதியாகக் குறைத்தேன். கால் அங்குலத்துக்குப் போனபோது சத்தம் செத்துவிட்டது. கடைசியில் அரை அங்குலத்தில் நின்றது.

ஒவ்வொரு டிக்கெட்டும் ஒன்றரை அங்குல அகலம், மூன்று அங்குல நீளம். அந்தக் காலத்துப் பஸ் டிக்கெட் மாதிரி நாலைந்து நிறம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆறு ஆறாக நான்கு கட்டு. அவர் விரலிடுக்கில் பிடிப்பதற்கு ஏற்ற மாதிரி கட்டின் அடிப்பக்கத்தைத் தைக்காமல் விட்டேன். பை இல்லை. விசில் இல்லை. பட்டை இல்லவே இல்லை.

இன்னொரு தகராறு வந்தது. கிழிக்கும்போது போர்வையே மடியிலிருந்து எழும்பி வந்தது. நாற்காலிக் கையோடு கட்ட இரண்டு நாடா வைக்கலாம் என்று வரைந்தேன். மல்லிகா அட்டையைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

“கட்டி வெக்கிறதுக்கா மாஸ்டர் தெக்கிறோம்? ஏற்கெனவே ஒருத்தி கட்டி வெச்சாளே, அது பத்தலியா?”

வரைந்த நாடாவை அடித்துவிட்டேன். பின்பக்கம் பழைய ஜீன்ஸ் துணி இரண்டு அடுக்கு கொடுத்தோம். அந்தக் கனத்தில் போர்வை படிந்து உட்கார்ந்தது.

சோதித்துப் பார்ப்பது தோல் கம்பெனிப் பழக்கம். புதுப் பையில் மணல் மூட்டை போட்டு ஆட்டிப் பார்ப்போம். இங்கே மல்லிகாவை நாற்காலியில் உட்கார வைத்து, மற்ற எல்லோரும் சுற்றி நின்றோம். நாள் பூரா தையலுக்கு நடுநடுவே வந்து டிக்கெட் வாங்கினோம். மேடம் மூன்று முறை பல்லாவரம் போனார். சாயங்காலம் நூல் பிரிந்த இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே இரட்டைத் தையல் போடச் சொன்னேன்.

“சில்லறையா குடுங்க, எல்லாரும் நோட்ட நீட்டாதீங்க” என்று மல்லிகா கத்தியது பேட்டர்னில் இல்லாதது.

7. படப்பை

ராஜமாணிக்கம் போர்வையைத் திருப்பித் தரவில்லை. நான்கு கட்டையும் இடது கை விரல்களில் செருகிக்கொண்டார். யார் வந்தாலும் டிக்கெட். பால் போடுபவர், கேஸ் கொண்டுவருபவர், எதிர் வீட்டு அம்மா. வருபவர்களெல்லாம் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். டிக்கெட்டின் பின்னால் சொரசொரப்பு இருந்ததால் அது துப்பட்டாவிலும் சாக்ஸிலும் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். பள்ளிக்கூட ஆபீஸில் கோமதியின் முதுகில் பச்சை டிக்கெட் ஒன்று ஒட்டியிருந்ததை ஹெட்மிஸ்ட்ரஸ் எடுத்துக் கொடுத்தாராம். சாயங்காலம் எல்லாவற்றையும் எண்ணி ஒட்டி வைப்பது கோமதி மகளின் வேலை.

முழங்கைக் கட்டு அவிழாமல் மூன்று நாள் இருந்தது. பிறகு ஒரு வாரம். புண் ஓரம் காய ஆரம்பித்தது.

ஆனால் மாசக் கடைசியும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிக்கெட்டில் தையல் விட்டுப்போனதைச் சரிசெய்ய நான் போயிருந்தேன். வாசலில் கார் நின்றது. கோமதியின் அண்ணன் சேகர், கையில் ஃபைலோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. களைத்த முகம்.

“இதெல்லாம் எத்தனை நாளைக்கு கோமதி? நாளைக்கு மறுபடி கேட்டைத் திறந்துக்கிட்டுப் போனார்னா? அங்க நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வர்றாரு. சும்மா பிடிவாதம் பிடிக்காத.”

அப்பாவின் துணிகள் ஒரு பையில் தயாராக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் ஊசியில் நூல் கோத்தேன்.

சேகர் எழுந்து அப்பாவிடம் போனார். நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அப்பா, கெளம்பலாமா?” என்றார்.

ராஜமாணிக்கம் மகனைப் பார்த்தார். யாரென்று தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. விரலிடுக்கில் மஞ்சள் கட்டைச் சரிசெய்துகொண்டார்.

“எங்க?”

சேகர் தங்கையைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை. ஹோம் இருக்கும் ஊரைச் சொன்னார்.

“படப்பைப்பா.”

கட்டை விரல் டிக்கெட் மேல் அப்படியே நின்றது. ராஜமாணிக்கம் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“இந்த வண்டி படப்பை போவாது. கீழ எறங்கிக்கோ.”

சேகர் எழுந்திருக்க முயன்று, பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் அப்பாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜமாணிக்கம் அவரைத் தாண்டி என்னிடம் கையை நீட்டினார். “எங்க?” சானடோரியம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கும் கோமதிக்கும் கொடுத்துவிட்டு மறுபடி சேகரிடம் வந்து நின்றது கை.

“எங்க?”

“எங்க போகும்பா, இது?” என்று கேட்டார் சேகர்.

“பிராட்வே.”

“சரி. பிராட்வே ஒண்ணு குடுங்க.”

சர்ர் என்று ஒரு மஞ்சள் டிக்கெட் கிழிந்தது. சேகர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துணிப் பையைக் கோமதி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அன்று மதியம் சேகர் அங்கேயே சாப்பிட்டார். வாசலில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் வைக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

8. பேட்டர்னில் வராதது

ராஜமாணிக்கம் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். நாங்கள் மூன்று செட் டிக்கெட் மாற்றிக் கொடுத்தோம். கடைசி மாதங்களில் கேட்பது நின்றுவிட்டது; கிழித்து நீட்டுவது மட்டும் நிற்கவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து, வீட்டிலேயே போனார்.

கோமதி சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். இப்போது எங்கள் யூனிட்டில் இது ஒரு தனி வேலையாகவே ஆகிவிட்டது. ஒரு அம்மாவுக்கு மடியில் பூத்தொடுக்கிற மாதிரி ஒன்று செய்தோம். ஒரு ரிட்டயர்டு ஆடிட்டருக்கு என்ன செய்வதென்று மூன்று முறை போய்ப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இன்னும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சொந்தமாக பேட்டர்ன் போட வருகிற பிள்ளைகள் என்னிடம் அளவுகளைக் கேட்கிறார்கள். அளவுகளை மேலே எழுதிவிட்டேன், எடுத்துக்கொள்ளலாம். நான் கற்றது ஒன்றுதான். கண்டக்டர் என்றதும் நான் பையை வரைந்தேன், ஏனென்றால் பை என் தொழில். அவருடைய தொழில் கேட்பது. ஒவ்வொருவராகக் கேட்டு, கிழித்துக் கொடுத்து, பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவர் யாரும் இல்லை என்று பார்ப்பது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன் பென்சிலை எடுத்தது என் தப்பு. இப்போது முதல் தடவை ஒருவர் வீட்டுக்குப் போகும்போது பென்சிலை யூனிட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

இந்தப் போர்வையை யாராவது தைப்பதாக இருந்தால் இன்னும் ஒரு குறிப்பு. டிக்கெட்டைக் கிழித்து நீட்டும்போது எதிரில் ஒருவர் உட்கார்ந்து, போகும் இடத்தைச் சொல்லி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வாங்க வேண்டியிருக்கும். அந்த ஆளை அட்டையில் வெட்டித் தர என்னால் முடியாது.